38 ரோல்களுக்குப் பிறகு: பென்டாக்ஸ் கே1000

தென்காசியில் ஸ்டுடியோவை மூடிவிட்ட ஒரு அண்ணாச்சி, தன் வீட்டுத் திண்ணையில் துண்டை விரித்து இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். இரண்டும் பென்டாக்ஸ் கே1000, ஃபிலிம் போட்டு எடுக்கும் பழைய கேமரா. ஒன்று நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. இன்னொன்றின் மேல்தகட்டில் ஒரு நசுங்கல், தோல் ஓரத்தில் உரிந்திருந்தது. "எது வேணுமோ பாத்து எடுத்துக்கிடுங்க தம்பி, விலை ஒண்ணுதான்" என்றார். நான் இரண்டிலும், ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டரின் வேக டயலை ஒரு வினாடியில் வைத்து, லிவரை இழுத்து, பொத்தானை அழுத்தினேன். பளபளப்பானது திறந்தது, திறந்தபடியே நின்றுவிட்டது. லேசாகத் தட்டியபிறகுதான் மூடியது. நசுங்கியது திறந்து, உள்ளே பற்சக்கரம் 'கிர்ர்' என்று ஓடி, சரியாக ஒரு வினாடியில் மூடியது. நசுங்கியதை வாங்கிவந்தேன். 50 மி.மீ. எஃப் 2 லென்ஸோடு சேர்த்து 9,000 ரூபாய். அது 2022 மார்ச் மாதம். இன்றுவரை அதில் 38 ரோல் எடுத்திருக்கிறேன்.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 1993-இல் சேர்ந்தேன். அன்றைக்கு எக்ஸ்ரே என்றால் டார்க் ரூம்தான். கேசட்டைத் திறந்து, ஃபிலிமை ஹேங்கரில் மாட்டி, டெவலப்பர் தொட்டியில் 20 டிகிரியில் 5 நிமிடம், பிறகு தண்ணீரில் ஒரு முக்கு, பிறகு படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர். கை விரல் நுனியெல்லாம் பழுப்பேறிக் கிடக்கும். ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' எக்ஸ்ரே ஃபிலிம் பெட்டிகளை நான் எத்தனை உடைத்திருப்பேன் என்று கணக்கில்லை. 1967-இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது; இப்போது மூடிவிட்டார்கள். எங்களிடமும் 2009-இல் கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்துவிட்டது. டார்க் ரூம் ஸ்டோர் ரூம் ஆனது. தொட்டிகளைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போனார். பழுதான ஃபிலிம்களையும் தீர்ந்த ஃபிக்ஸரையும் அவற்றிலிருக்கும் வெள்ளி உலோகத்துக்காக வாங்கிப் போகிறவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்த இருட்டறை வேலை கையைவிட்டுப் போனது பெரிய குறையாகவே இருந்தது. அதைத் திரும்பப் பிடிக்கத்தான் இந்தக் கேமரா.

கே1000-ஐ ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் பட்டியலில் நான்கு இருந்தன. நிக்கான் எஃப்எம்2 தான் எல்லாரும் சொல்வது. 1982-இல் வந்தது, ஷட்டர் 4000-இல் ஒரு பங்கு வினாடி வரை போகும், உடம்பு இரும்புமாதிரி. ஆனால் எனக்குக் கிடைத்த விலை கே1000-ஐப்போல மூன்று மடங்கு. நிக்கான் எஃப்எம்10, நிக்கானுக்காக கோசினா செய்தது. ஒருகாலத்தில் விஸ்காம் மாணவர்கள் தோளில் அதைப் பார்க்கலாம். எடை குறைவு, பிளாஸ்டிக் அதிகம், கையில் எடுத்ததும் நம்பிக்கை வரவில்லை. கேனன் ஏஇ-1 அழகான கேமரா. ஆனால் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே அடிக்காது. சோவியத் தயாரிப்பான ஜெனிட் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. அதன் ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸ் பின்னணியைச் சுழற்றிவிட்டதுபோல் காட்டும், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் மங்கல். என் 54 வயதுக் கண்ணுக்கு ஃபோகஸ் பிடிபடவில்லை.

கே1000 வசதிகள் குறைவான கேமரா. அதுதான் அதன் பலம். 1976-இலிருந்து 1997 வரை ஏறக்குறைய மாற்றமே இல்லாமல் செய்தார்கள். முதலில் ஜப்பானில், பிறகு ஹாங்காங்கில், கடைசியில் சீனாவில். முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. முகப்பில் 'அசாஹி' என்று பொறித்தவை பழையவை, மேல்தகடு உலோகம். கடைசியாக சீனாவில் செய்தவற்றில் மேல்தகடு பிளாஸ்டிக். என்னுடையது அசாஹி. ஷட்டர், ரப்பர் பூசிய துணித்திரை; ஒரு வினாடியிலிருந்து 1000-இல் ஒரு பங்கு வரை, எல்லாமே பற்சக்கரமும் ஸ்பிரிங்கும். உள்ளே இருக்கும் ஒற்றை எல்ஆர்44 பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். அது கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். தீர்ந்துபோனாலும் கேமரா ஓடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை நான் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிப் போயிருந்தேன். கூடவே ஒரு சின்ன டார்ச். ஒரு வினாடிச் சோதனையை மேலே சொன்னேன். உள்ளே எண்ணெய் இறுகியிருந்தால் மெதுவான வேகங்கள்தான் முதலில் சிக்கும். பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, மூடிய துணித்திரைமேல் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஊசித்துளை எதுவும் தெரியவில்லை. பேட்டரி மூடியைத் திறந்தால் பச்சைப் பூஞ்சணம்போல் உப்புப் பூத்திருக்கக் கூடாது. லென்ஸைக் கையில் எடுத்து, அபெர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையை (எஃப் எண் சிறிதானால் இது பெரிது), முழுக்கத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பார்க்க வேண்டும். தூசி நான்கு இருந்தால் பரவாயில்லை, படத்தில் வராது. சிலந்தி வலைபோல் கிளை பிரிந்து தெரிந்தால் அது ஃபங்கஸ், வேண்டாம். பின்கதவு விளிம்பில் இருக்கும் ஸ்பாஞ்ச் நிச்சயம் தார்போல் உருகியிருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நான் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினேன். இன்றுவரை ஒளி கசியவில்லை.

இவ்வளவு பார்த்தும் ஒன்றை விட்டுவிட்டேன்.

நான்காவது ரோல், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். ரத வீதியில் வடம் பிடிப்பவர்களின் கைகள் அசைவில்லாமல் வர வேண்டும் என்று ஷட்டரை 1000-இல் ஒரு பங்கு வினாடியில் வைத்து எடுத்தேன். இரவில் கழுவி, காயவைத்து, வீட்டில் வைத்திருக்கும் பழைய எக்ஸ்ரே வியூபாக்ஸில் போட்டுப் பார்த்தால், 1000-இல் எடுத்த 14 ஃபிரேமிலும் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. நெகட்டிவில் கண்ணாடிபோல் தெளிவு. பிரிண்ட் போட்டால் அந்தப் பக்கம் கறுப்பு. 500-இல் எடுத்தவை நன்றாக இருந்தன. வடத்தில் தொங்கிய அந்தச் சின்னப் பையன் முகம் சரியாக வெறுமைப் பக்கத்தில் போயிருந்தது. மனசு விட்டுப்போயிற்று.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. படம் கெட்டால் ஏன் கெட்டது என்று தெரியாமல் அடுத்த படம் எடுக்கக் கூடாது. நோயாளிக்கு வீணாகக் கதிர் போகும். அந்தப் பழக்கத்தில் யோசித்தேன். இந்தக் கேமராவில் இரண்டு திரைகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. முதல் திரை திறந்துகொண்டே போக, இரண்டாவது திரை பின்னாலேயே மூடிக்கொண்டு வரும். 1000-இல் இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளவுதான். முதல் திரை கொஞ்சம் சோம்பினாலும் இரண்டாவது அதைப் பிடித்துவிடும், பிளவு மூடிவிடும், மிச்சப் பக்கத்துக்கு ஒளியே போகாது. இதை வாங்கும்போதே கண்டுபிடித்திருக்கலாம். லென்ஸ் இல்லாமல், பின்கதவு திறந்து, வெளிச்சமான வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி 1000-இல் நாலைந்து முறை அடித்தால் போதும். முழுச் சட்டமும் பளிச்சென்று தெரிய வேண்டும். ஓரம் இருண்டு தெரிந்தால் விலையில் சர்வீஸ் காசைக் கழித்துக் கேட்க வேண்டும். அண்ணாச்சியின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் ஸ்டுடியோவுக்குள் ஃப்ளாஷ் போட்டு 60-இலேயே வாழ்நாள் முழுக்க எடுத்தவர். 1000 வேலை செய்கிறதா என்று அவருக்குப் பார்க்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

சென்னையில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ஐந்து வாரம் ஆனது, 3,500 ரூபாய் வாங்கினார். திரைகளின் இழுவையைச் சரிசெய்து, பழைய எண்ணெயைக் கழுவி, மீட்டரையும் ஒழுங்குபடுத்தித் தந்தார். அதற்குப்பின் 34 ரோல், ஒரு ஃபிரேம்கூடக் கேமராவால் கெடவில்லை. அதனால் கே1000-இன் உண்மையான விலை என்று நான் சொல்வது கேமராவும் சர்வீஸும் சேர்ந்த தொகையை. 9,000 கொடுத்து வாங்குகிறவர் கையில் இன்னொரு 3,500 இல்லையென்றால் கொஞ்ச நாள் பொறுப்பது நல்லது.

இனி மீட்டர். வியூஃபைண்டரின் வலப்பக்கம் ஒரு ஊசி. வேகத்தையும் அபெர்ச்சரையும் திருப்பித் திருப்பி ஊசியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். உள்ளே எண் எதுவும் தெரியாது. என்ன வேகம், என்ன அபெர்ச்சர் என்று மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஒரு மாதம் தொந்தரவாக இருந்தது. பிறகு டயலை விரல் எண்ணப் பழகிவிட்டது, கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே தோன்றுவதில்லை.

ஆனால் இந்த மீட்டரை அப்படியே நம்பினால் நம் ஊரில் ஏமாந்துபோவோம். அது சட்டத்துக்குள் இருக்கும் எல்லா வெளிச்சத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி போடுகிறது. வெள்ளை வேட்டி கட்டிய நான்கு பேர் வெயிலில் நின்றால் 'வெளிச்சம் ரொம்ப அதிகம்' என்று சொல்லும். கேட்டு நடந்தால் முகங்கள் கரிபோல் வரும். குறுக்குத்துறையில் ஆற்றுக்கு நடுவே இருக்கும் முருகன் கோயிலை எடுக்கும்போது தண்ணீரின் மினுமினுப்பைப் பார்த்து இதே தப்பைச் செய்தது. அம்மாவை வாசல்படியில் உட்காரவைத்து வீட்டுக்குள்ளிருந்து எடுத்தபோதும் அப்படித்தான்; பின்னால் தெரு பளிச்சென்று வந்தது, அம்மா நிழலாகிவிட்டார்.

இதற்கு நான் செய்வது: ஆள் நிற்கும் அதே வெளிச்சத்தில் என் உள்ளங்கையை நீட்டி, லென்ஸ் முழுக்க உள்ளங்கை தெரியும்படி வைத்து ஊசியை நடுவுக்குக் கொண்டுவருவேன். பிறகு அபெர்ச்சரை ஒரு படி (ஒளி இரு மடங்காகும் அளவு) திறப்பேன். உள்ளங்கை எல்லாருக்கும், மாநிறமோ கறுப்போ, மீட்டர் எதிர்பார்க்கும் சாம்பல் நிறத்தைவிட ஏறக்குறைய ஒரு படி வெளுப்பு. அதனால்தான் அந்த ஒரு படி. இதை ஆரம்பித்தபிறகு முகங்கள் தப்பவே இல்லை. அம்மாவை மறுபடி அதே படியில் உட்காரவைத்து எடுத்தேன். மூக்குத்தியின் கல்கூடத் தெரிகிறது.

உச்சிவெயிலில் மீட்டரே தேவையில்லை. 400 ஐஎஸ்ஓ (ஒளியுணர்வின் அளவு) ஃபிலிம் என்றால் எஃப் 16, 500-இல் ஒரு பங்கு. எங்கள் ஊர் வெயில் இந்தக் கணக்கை ஏமாற்றியதில்லை. ஆனால் இங்கேதான் கே1000-இன் எல்லையும் தெரியும். 1000-க்கு மேல் வேகம் இல்லாததால் அந்த வெயிலில் எஃப் 11-க்குக் கீழே இறங்கவே முடியாது. பின்னணியை மங்கலாக்கி முகத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் ஆளை நிழலுக்கு அழைத்துவர வேண்டும், இல்லையென்றால் 100 ஐஎஸ்ஓ ஃபிலிம் போட வேண்டும். எஃப்எம்2-க்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு நியாயமான ஒரே காரணமாக எனக்குப் படுவது இதுதான். நான் ஆட்களை வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போகிறேன். அந்த வெளிச்சமே முகத்துக்கு நல்லது.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். கூட வந்த பென்டாக்ஸ்-எம் 50 மி.மீ. எஃப் 2-ஐ எல்லாரும் மட்டமாகப் பேசுவார்கள். விலை மலிவு என்பதால் வந்த பேச்சு அது. எஃப் 5.6-இல் எடுத்து எட்டுக்குப் பத்து பிரிண்ட் போட்டுப் பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. அதை நான் மாற்றியதற்குக் காரணமே வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவிலும் தண்ணீர் வந்தது. கேமரா அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் சுவரெல்லாம் ஊறி, மாதக்கணக்கில் வீட்டில் ஈரம். பொங்கல் கழிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸுக்குள் ஃபங்கஸ். துடைத்துத் தந்தார்கள், ஆனாலும் கண்ணாடியின் பூச்சில் தடம் விழுந்துவிட்டது. வெயிலை எதிர்த்து எடுத்தால் படம் வெளிறுகிறது.

அதன்பின் 4,800 ரூபாய்க்கு பென்டாக்ஸ்-எம் 50 மி.மீ. எஃப் 1.7 வாங்கினேன். இது தேன். 185 கிராம்தான் எடை, 45 செ.மீ. வரை நெருங்கலாம். ஃபோகஸ் வளையம் நல்லெண்ணெய் விட்ட கதவுக் கீல்போல் ஒரே சீராக நகர்கிறது. எஃப் 2.8-இல் கண்ணிமை முடி ஒவ்வொன்றாகத் தெரியும், காது மெல்லக் கரையும். டவுனில் அல்வாக் கடை ஒன்றில் மாலை நேரம் விளக்கு வெளிச்சத்தில், 60-இல் ஒரு பங்கு, எஃப் 2 என்று வைத்து, அல்வாவைத் தாமரை இலையில் வாரி வைக்கும் கையை எடுத்தேன். நெய்யின் மினுக்கம் அப்படியே வந்தது. எனக்கு இதுவரை எடுத்ததில் பிடித்த படம் அதுதான்.

லென்ஸ் தேடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பென்டாக்ஸின் புதிய டிஜிட்டல் லென்ஸ்களும் இந்தக் கேமராவில் மாட்டும், ஆனால் அபெர்ச்சர் வளையம் இல்லாதவை உபயோகப்படாது. வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இதற்கு முந்தைய காலத்துத் திருகு லென்ஸ்கள், டகுமார் என்று பெயர் போட்டவை, ஒரு அடாப்டர் வளையத்தோடு நன்றாக வேலை செய்யும். தூரத்து ஃபோகஸும் கெடாது. பழைய டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது வருஷக்கணக்கில் இருட்டில் கிடந்தால் டீ நிறத்துக்கு மஞ்சளாகும். சில நாள் வெயிலில் வைத்தால் தெளியும். கதிர்வீச்சோடு 30 வருஷம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், படம் எடுக்க அந்த லென்ஸைப் பயப்படாமல் உபயோகிக்கலாம்; உடைத்துப் பொடியாக்க மட்டும் கூடாது.

கழுவுவதை நானே செய்கிறேன். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், டி-76 டெவலப்பரில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சித்திரை மாதத்தில் எங்கள் குழாய்த் தண்ணீர் 32 டிகிரியில் வரும், ஐஸ்கட்டி போட்ட வாளியில் பாத்திரங்களை வைத்து ஆற்றித்தான் எடுக்க வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிமைச் சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே கழுவியவன் நான். இந்த ஃபிலிமுக்குச் சிவப்பும் தெரியும், அதனால் டேங்கில் சுற்றி மூடும்வரை முழு இருட்டு. இன்றைக்கும் அந்த இருட்டில் கண் தானாகச் சிவப்பு விளக்கைத் தேடுகிறது. ஒரு ரோல் ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகிறது என்பதால் மாதம் ஒன்று என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. மீட்டருக்கு ஆன், ஆஃப் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் தூங்கும். மறந்தால் பேட்டரி தீரும். ஷட்டர் பொத்தானுக்குப் பூட்டு இல்லை, பைக்குள் அழுந்தி எனக்கு ஏழெட்டு ஃபிரேம் வீணாகியிருக்கிறது. இப்போது எடுக்கும் நேரத்தில்தான் லிவரை இழுக்கிறேன். டைமர் இல்லை, குடும்பப் படத்தில் நான் மட்டும் இருக்க மாட்டேன். என்னைப்போல் மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குச் சட்டத்தின் நான்கு மூலைகளும் ஒரே பார்வையில் தெரியாது. அந்திசாயும் நேரத்தில் ஊசி மெதுவாக அசையும், அவசரப்பட்டால் தப்பாகும். ஓடும் குழந்தைகளையும் கல்யாண மண்டபத்தையும் எடுக்க நினைப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

ஃபிலிம் மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. லிவரை இழுக்கும்போது இடப்பக்கம் இருக்கும் ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சுற்றவில்லையென்றால் உள்ளே ஃபிலிம் நகரவில்லை. எண் காட்டும் முள் பாட்டுக்கு 36 வரை போய்விடும். என் முதல் ரோல் அப்படித்தான் போயிற்று, தங்கை பேத்தியின் காதுகுத்து முழுவதும்.

தென்காசி அண்ணாச்சிக்கு நான் எடுத்த படங்கள் சிலவற்றைப் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். அந்தப் பளபளப்பான கே1000 இன்னும் விற்காமல் அவரிடமே இருக்கிறதாம். எக்ஸ்ரே பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஒரு வினாடியில் சிக்குவது சர்வீஸில் சரியாகிவிடும். 1000-இல் எப்படி ஓடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை டார்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் தென்காசி போகிறோம். அவர் வீட்டுத் திண்ணைக்கு எதிரே வெள்ளையடித்த சுவர் ஒன்று இருக்கிறது, சோதனைக்கு அது போதும்.